அடுக்களைக்குத் திரும்பாதவை

முதலில் போனது இடியாப்பத் தட்டு.
ஓட்டை ஓட்டையாய் வெள்ளை பிளாஸ்டிக்.
தோல்பவழத் துண்டுகளைச் செருகி நிறுத்த
வெட்டூர்ணிமடம் முழுக்க அலைந்தாலும்
அதைவிடப் பொருத்தமாய் ஒன்று கிடைக்காது.
(கடலில் பறித்ததல்ல, கொச்சியில் ஒருவன்
தொட்டியில் வளர்த்து நறுக்கித் தந்தது.
ரசீது இருக்கிறது.)

ராத்திரி மாவைப் பிசைந்து வைத்துவிட்டு
ஜெபமலர் தட்டைத் தேடினாள்.
நீல வெளிச்சத்தில், தண்ணீருக்கடியில் கண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாவை உருட்டிக் கொழுக்கட்டை ஆக்கினாள்.

மறுநாள் இடுக்கியில் நான் கைவைத்தபோது
நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள்.
பிடியின் நுனியில் சிவப்பாய் ஒரு புள்ளி.
"புள்ளி வச்சது இனி அடுக்களைக்கு
வரப்பிடாது, கேட்டியளா?"

கேட்டேன்.
கேட்டுக்கொண்டே டீ வடிகட்டியை எடுத்தேன்,
பொரித்த இறால்குஞ்சுகளை அலச.
மோர் மத்தை எடுத்தேன்,
வாளியில் உப்புக் கலக்க.
ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில்
சுண்ணாம்பேறிய மோட்டாரை ஊறப்போட்டேன்.
ஒற்றையாய்ப் போன பள்ளிக்கூடக் காலுறை
கசடு பிடிக்கும் பை ஆயிற்று.
தேதி முடிந்த ஏடிஎம் கார்டு
பணம் தந்த காலத்தைவிட இப்போதுதான்
ஒழுங்காய் வேலை செய்கிறது;
கண்ணாடிப் பாசியை ஒரே இழுப்பில் வழிக்கும்.
மெடிக்கலில் வாங்கிய டிரிப் செட்
ஆணியில் தொங்கிச் சொட்டுகிறது
ஆவியாய்ப் போன நீருக்குப் பதில் நீர்,
நோயாளி இல்லாத வார்டு போல.
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் சிவப்புத் தாளை
டார்ச்சில் சுற்றி
நடுச்சாமத்தில் குனிந்து பார்ப்பேன்.
சிவப்பொளி புழுக்களுக்குத் தெரியாது.
பாறையிடுக்கிலிருந்து பைய நீளும்
மயிர்க்கால் உடம்புகள்.

குளச்சலிலிருந்து சாளை கொண்டுவரும் கிளீட்டஸ்
வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.
"அரைமணி நேரத்துல கெடக்கு கடலு.
வெலைக்கு உப்பு வாங்கிக்
கடலு செய்யுதீரா ஓய்?"
"மழைக்குக் கலங்குமே" என்றேன்.
"எங்களுக்குந்தான் கலங்குது.
நாங்க கடல மாத்துதோமா?"

மறுவாரம், சாளையோடு
வலை பொத்தும் ஊசி ஒன்றும் தந்தான்,
நைலான் நூல் சுற்றியபடியே.
பவழத்தைப் பாறையில் கட்ட
இன்றுவரை அதுதான்.
அது அடுக்களையைக் கண்டதே இல்லை.
புள்ளி தேவைப்படவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
மோட்டார் நின்றது. அலை நின்றது.
பேட்டரி வாங்கவேண்டும் என்று
ஆறு மாதமாய் நினைத்திருந்தது மட்டும் ஓடியது.
கோமாளி மீன்கள் இரண்டும்
மேல்மட்டத்தில் வாய்பிளந்து நின்றன.
குவளையால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மொண்டேன், ஊற்றினேன்.
காற்றுக் கலக்கட்டும் என்று
இருட்டுக்குள் ஒரு கைம்மழை.
வெளியே நிஜமழை, அது பாட்டுக்கு.

மூன்று மணிவரை நினைவிருக்கிறது.

விழித்தபோது ஸ்டூலில் சாய்ந்து கிடந்தேன்.
கரண்டு வரவில்லை.
ஆனால் தண்ணீர் விழும் சத்தம்
விட்டுவிட்டுக் கேட்டது.
ஜெபமலர் நைட்டியைச் செருகிக்கொண்டு
சாம்பார்க் கரண்டியால் மொண்டு
ஊற்றிக்கொண்டிருந்தாள்,
தூக்கத்தில் எதையோ எண்ணுகிறவள் போல.
"தூங்கும். இன்னும் ஒன்னும் சாவல்ல."

ஏழரைக்கு மோட்டார் இரைந்தது.
சாம்பார்க் கரண்டி ஜன்னல் திண்டில் காய்ந்தது.
அதன் பிடியில், இன்னும் பிசுக்கோடு,
புதுப் புள்ளி.

அடுக்களை வாசலில் நின்று டீ கேட்டேன்.
"அங்கேயே நில்லும்" என்றாள்.
ஏன் என்றேன்.
"கைய பாரும்."

வலது கட்டைவிரல் நகத்தில்
சிவப்பாய்,
நன்றாகவே காய்ந்திருந்தது.